இரண்டு மருத்துவ வருகைகளுக்கு இடையில்

மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளியுடன் நாங்கள் பேசுவது பெரும்பாலும் மாதத்திற்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்களே. எஞ்சிய நாள்கள் அவருடைய வீட்டில் கழிகின்றன. மாத்திரை நின்றுபோவதும், உறக்கம் கெடுவதும், பராமரிக்கும் தாய் சோர்ந்துபோவதும் அந்த நாள்களில்தான் நிகழ்கின்றன. அப்போது குடும்பத்திற்குத் துணைநிற்பவர்களே சமூக மனநலத் தொண்டர்கள்.

சென்னைக்கு இப்பணி புதிதன்று. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தோற்றுவித்தார். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காக சினேகாவைத் தொடங்கினார். அங்கே துயரத்தில் இருப்போரின் பேச்சைக் கேட்பவர்கள், பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

மருத்துவர் அல்லாதவரால் பயன் உண்டா என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா ஆகிய மாநிலங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற களப்பணியாளர்களின் உதவியும் கிடைத்தவர்களுக்கு நோய்க்குறிகளும் செயல்திறன் குறைபாடும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. பயன் மிகப் பெரிதன்று, ஆயினும் உண்மையானது. அப்பணியாளர்கள் தனித்து விடப்படவில்லை, மருத்துவக் குழுவின் மேற்பார்வையில் இயங்கினர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

தொண்டர் செய்பவை எளியவை. நோயாளியுடன் பேருந்தில் மருத்துவமனைக்கு வருவார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுவார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயால் வரும் இயலாமையையும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு பிற்பகல் வீட்டில் அமர்ந்திருந்து, மாதக்கணக்கில் வெளியே செல்லாத தாயை உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு அனுப்பிவைப்பார்.

செய்யக் கூடாதவையும் உள்ளன. நோயின் பெயரைச் சொல்லுதல், மாத்திரையைக் கூட்டுதல், குறைத்தல், பணம் கொடுத்து வாங்குதல் ஆகியவை தொண்டரின் வேலையல்ல. “தைரியமாக இருங்கள்” என்று உடனே அறிவுரை கூறுவதைவிட, எதிரிலிருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதே பெரிய உதவி. கேட்டதை வெளியே சொல்லலாகாது. இதற்கு ஒரே விலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால் உடனே பொறுப்பாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நோயாளியைப் பல ஆண்டுகள் பராமரித்தவர்கள் நல்ல தொண்டர்களாவதை நாங்கள் கண்டிருக்கிறோம். மாத்திரை வேண்டாம் என மறுக்கும் மகனிடம் பேசுவது எப்படி என்பதை அவர்கள் வாழ்ந்து அறிந்தவர்கள். நோயிலிருந்து மீண்டவர்களும் வரலாம். ஆனால் அண்மையில் பேரிழப்பைச் சந்தித்தவர்கள் சில காலம் பொறுத்து வருவதே நலம். பயிற்சியும், மனச்சுமையை இறக்கிவைக்க ஒரு மூத்த பொறுப்பாளரும் உள்ள அமைப்பையே தேர்ந்தெடுங்கள். மாதத்திற்கு இரண்டு பிற்பகல்கள் போதும்; ஆனால் சொன்ன நாளில் தவறாமல் செல்ல வேண்டும். காத்திருப்பவருக்கு அந்த ஒழுங்கே நம்பிக்கை தரும்.

தொண்டராக விரும்புவோரும், வீட்டிற்கு ஒரு தொண்டர் தேவைப்படுவோரும் அடுத்த வருகையின்போது எங்கள் பிரிவின் சமூகப்பணியாளரைச் சந்தியுங்கள். உதவி கேட்பதில் தயக்கம் வேண்டா. மனம் தாங்க இயலாத வேளைகளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.