பிரிண்டருக்கு எத்தனை மீட்டர் கேபிள் வாங்கலாம்?

கம்ப்யூட்டரை ஹாலில் வைத்தேன். பிரிண்டருக்கு அங்கே இடமில்லை, எனவே அது அடுத்த அறை அலமாரிக்குப் போனது. நடுவே 3 மீட்டர்தானே என்று 3 மீட்டர் யூஎஸ்பி கேபிள் வாங்கி வந்தேன். சுவரோரமாகக் கொண்டு போனால் கதவுக்குப் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. கதவு நிலையைச் சுற்றி ஏறி இறங்கும் தூரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி என்று 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளை அதோடு மாட்டினேன். முதல் பக்கம் நன்றாக அச்சானது. இரண்டாவது பாதியில் நின்றது. யூஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்றது விண்டோஸ். டிரைவரை நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இரண்டு முறை! பிரிண்டரை சர்வீஸுக்குத் தூக்கிப் போக இருந்தபோதுதான், அதனுடன் வந்த சின்னக் கேபிளை மாட்டிப் பார்க்கத் தோன்றியது. 20 பக்கமும் நிற்காமல் வந்தன.

கோளாறு நீளத்தில்தான். பிரிண்டர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் யூஎஸ்பி 2.0 முறையில் ஒரு கேபிளின் உச்ச நீளம் 5 மீட்டர். கம்ப்யூட்டர் ஒரு தகவலை அனுப்பிவிட்டுப் பதிலுக்காக மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். கேபிள் நீண்டால் பதில் தாமதமாகும், சிக்னலும் மங்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் கேபிள் இதைச் சரிசெய்யாது. நீளத்தை மட்டுமே கூட்டும். அதற்கு மேல் தூரம் வேண்டுமானால் நடுவில் சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.

பிரிண்டர் நின்றால் ஒரு தாள்தான் வீண். வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் என்றால் விஷயம் வேறு. அதற்கு மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. நீண்ட, மெல்லிய கம்பியில் வோல்டேஜ் குறையும். போட்டோக்களைக் காப்பி செய்யும்போது டிஸ்க் துண்டிக்கப்பட்டால் ஃபைல்கள் கெடலாம். எனவே அதற்கு உடன் வந்த கேபிளையே மாட்டுங்கள். யூஎஸ்பி 3.0 வேகத்தில் சாதாரணக் கேபிள் 3 மீட்டருக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல.

கடைக்குப் போகும் முன் ஒரு சணல் கயிற்றை எடுங்கள். கேபிள் போக வேண்டிய வழியிலேயே, மூலைகளையும் கதவையும் சுற்றி, கயிற்றைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மேஜையை நகர்த்தித் துடைக்க அரை மீட்டர் கூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். "பெரிசா இருந்தா நல்லதுதானே சார்" என்பார் கடைக்காரர். கேட்காதீர்கள். மிச்சக் கேபிள் மேஜைக்கடியில் சுருண்டு காலில் மாட்டும். நீளமான கேபிளை கேபினெட்டின் முன்பக்க போர்ட்டில் செருகவும் வேண்டாம். உள்ளே மதர்போர்டு வரை ஏற்கெனவே ஒரு வயர் ஓடுகிறது. பின்பக்கமே நல்லது.

கயிறு 5 மீட்டரைத் தாண்டினால்? பிரிண்டரில் லேன் போர்ட் இருக்கிறதா பாருங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வைஃபை பிரிண்டர் என்றால் கேபிளே வேண்டாம். என்னுடையதில் இரண்டுமே இல்லை. கயிற்றில் 6 மீட்டர் வந்ததால், ஹாலில் இருந்த ஷூ ராக்கை வாசலுக்குத் தள்ளிவிட்டு பிரிண்டரை அங்கே வைத்துவிட்டேன்.