வெந்நீர் ஊருக்கு நாத்தனாருடன்

குளிப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போவது நமக்கொன்றும் புதிதல்ல. சாரல் விழுந்த சேதி கேட்டதும் குற்றாலத்துக்கு மூட்டை கட்டுகிறவர்கள்தானே நாம்! ஜப்பானியர்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே அருவிக்குப் பதில் வெந்நீர் ஊற்று. புடவையோடு நிற்பதற்குப் பதில்... அதைப் பிறகு சொல்கிறேன்.

என் நாத்தனார் மகனுக்கு ஜப்பானின் ஷிகோகு தீவில், இமபாரி என்ற ஊரில், கப்பல் கட்டும் இடத்தில் வேலை. நாத்தனாரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்தையே எடுத்து விட்டார்கள். வைத்தியமெல்லாம் முடிந்து, "தாராளமாகப் பிரயாணம் செய்யலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டார். துணைக்கு நான்.

"அத்தை, அம்மாவை டோக்கியோ கூட்டத்தில் அலைய வைக்க வேண்டாம். பக்கத்திலே மாட்சுயாமா போயிட்டு வாங்க" என்று அவனே டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஷிகோகு தீவிலேயே பெரிய ஊர் அதுதான். ஏறக்குறைய 5 லட்சம் ஜனங்கள். ஆனாலும் பரபரப்பே கிடையாது. தெருவில் டிராம் வண்டி டிங் டிங் என்று போகிறது. நாங்கள் போனது நவம்பர் கடைசி. கடைக்குக் கடை மிகான் என்ற சின்ன ஆரஞ்சுப் பழம் குவிந்து கிடந்தது. தோலை உரித்தால் கமலா மாதிரி கையோடு வந்து விடுகிறது.

ஊர் நடுவில் 132 மீட்டர் உயரக் குன்று. அதன் மேல் 1602-ல் கட்டத் தொடங்கிய கோட்டை. ஏறுவதற்கு ரோப் காரும் உண்டு, ஒற்றை ஆள் நாற்காலியும் உண்டு. அக்கா நாற்காலியில்தான் போவேன் என்று பிடிவாதம்! கால் தொங்கத் தொங்க, தோட்டத்து ஊஞ்சலில் போவது போலப் போனார். கீழே வலை கட்டியிருக்கிறார்கள், பயமில்லை. பயந்தது நான்தான்.

இந்த ஊருக்குக் கவிதை என்றால் உயிர். ஹைக்கூவுக்குப் புத்துயிர் கொடுத்த மாசவோகா ஷிகி 1867-ல் பிறந்தது இங்கேதான். ஹைக்கூ எழுதிப் போடுவதற்கென்றே அங்கங்கே தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். அக்கா தமிழிலேயே ஏதோ எழுதிப் போட்டார். "என்னக்கா எழுதினீங்க?" என்றால் சிரித்து மழுப்பி விட்டார்.

சாப்பாடுதான் சைவக்காரர்களுக்குச் சங்கடம். வெறும் உடான் சேமியா என்று நினைத்தால் அதன் சாறு காய்ந்த மீனைக் கொதிக்க வைத்து எடுத்தது. நான் கொண்டு போயிருந்த புளிக்காய்ச்சல் மானத்தைக் காப்பாற்றியது. 'போச்சான் டாங்கோ' என்று குச்சியில் மூன்று நிற உருண்டை விற்கிறார்கள். பச்சை தேயிலை, சிவப்பு பயறு, மஞ்சள் முட்டை. மஞ்சளைக் கூட வருகிறவர்களுக்குக் கொடுத்து விடலாம்.

சரி, குளியலுக்கு வருகிறேன். ஊரின் கிழக்குக் கோடியில் டோகோ வெந்நீர் ஊற்று. காலில் அடிபட்ட ஒரு கொக்கு தினமும் வந்து காலை நனைத்துக் குணமானதைப் பார்த்து ஜனங்கள் இந்த ஊற்றைக் கண்டுபிடித்தார்களாம். இப்போதுள்ள பெரிய குளியல் மாளிகை 1894-ல் கட்டியது. மூன்று அடுக்கு, அத்தனையும் மரம். 2019-ல் பழுது பார்க்க ஆரம்பித்து, நடுவிலும் குளியலை நிறுத்தாமல், 2024 ஜூலையில் முழுவதுமாகத் திறந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சுவதும் இல்லை, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதும் இல்லை. சூடும் சூடு குறைந்ததுமான பல ஊற்றுகளைக் கலந்தே 42 டிகிரி பக்குவத்துக்குக் கொண்டு வருகிறார்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். ஆனால் உடம்பில் ஒரு நூல் இருக்கக் கூடாது! இதைக் கேட்டதும் அக்கா முகம் சுண்டி விட்டது. "நீ போயிட்டு வா. நான் வாசல்லே உக்காந்திருக்கேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

எனக்கும் வெட்கம்தான். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். பிறகுதான் தொட்டி. முடி தண்ணீரில் படக்கூடாது; கைத்துண்டையும் நனைக்காமல் தலையில் மடித்து வைத்துக் கொள்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பாட்டிகள், பிள்ளை பெற்ற வயிறுகள், ஆபரேஷன் தழும்புகள், எல்லாம் அங்கே உண்டு. யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை. சுவரில் 'போச்சான் நீந்தக் கூடாது' என்று ஒரு பலகை. 1895-ல் இந்த ஊரில் ஆங்கில வாத்தியாராக இருந்த நாத்சுமே சோசெகி, 1906-ல் எழுதிய நாவலில் அந்தக் கதாநாயகன் இங்கே நீச்சலடித்து மாட்டிக் கொள்வான்.

வெளியே வந்து பாட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அக்கா 'உம்' கொட்டினார், அவ்வளவுதான்.

சாயங்காலம் பக்கத்தில் இஷிதேஜி கோயிலுக்கு நடந்தோம். கோபோ தைஷி என்ற மகானை நினைத்து ஷிகோகுவைச் சுற்றி வரும் 88 கோயில் யாத்திரையில் இது 51-வது. வெள்ளை உடை, கூம்புத் தொப்பி, கையில் தடியோடு யாத்ரீகர்கள். தனியாக நடந்தாலும் அந்த மகானும் கூடவே வருகிறார் என்பது நம்பிக்கை. 'இருவராகப் போகிறோம்' என்று தொப்பியிலேயே எழுதியிருக்கும். அவர்களுக்குப் பழமோ தேநீரோ கொடுப்பது ஊர் ஜனங்களுக்குப் புண்ணியம். நம் பழனிப் பாதயாத்திரையில் நீர்மோர் கொடுப்பதில்லையா, அது மாதிரி. யாத்ரீகர்கள் இல்லாத எங்களுக்கும் ஒரு பாட்டி இரண்டு மிகான் கொடுத்தாள்.

அன்றிரவு மருமகனுக்குப் போன் செய்து விசாரித்தேன். 2017-ல் திறந்த 'ஆசுகா-நோ-யு' என்ற இன்னொரு குளியல் வீட்டில் குடும்பத்தோடு குளிக்கத் தனி அறை இருக்கிறதாம். அந்தக் காலத்து மாதிரி 'யுச்சோ' என்ற மெல்லிய அங்கி போட்டுக் கொண்டே இறங்கலாமாம். உடனே அவனையே ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

மறுநாள் அங்கியோடு அக்கா தண்ணீரில் இறங்கினார். அறுவை நடந்த பக்கத்துக் கையை வெந்நீரில் வெகுநேரம் வைத்தால் வீக்கம் வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் அதைத் தொட்டியின் விளிம்பில் வைத்துக் கொண்டார். பத்து நிமிஷம் ஊறுவது, ஏறுவது, தண்ணீர் குடிப்பது. (ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.)

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. திடீரென்று அக்கா அங்கியை விலக்கினார். "பாருடி. இவ்வளவுதான்" என்றார்.

இரண்டு வருஷமாகப் பத்தியம் சமைத்துப் போட்டிருக்கிறேன், மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தழும்பை அன்றுதான் பார்த்தேன். கோடு போட்டது போல, சுத்தமாக ஆறியிருந்தது. "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். "இல்லே. மரத்துப் போயிருக்கு. சூடு மட்டும் லேசாத் தெரியுது" என்றார்.

இமபாரி துண்டால் தலையைத் துடைத்துக் கொண்டோம். தண்ணீரில் போட்டால் 5 விநாடிக்குள் முழுக வேண்டும் என்று சோதித்து முத்திரை போடுகிற துண்டு. ஊருக்கு ஆறு வாங்கினேன். மேல் மாடியில் தேநீர் குடிக்கும்போது அக்கா கேட்டார், "அந்தப் பெரிய வீட்டை எத்தனை மணிக்குத் திறக்கறா?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாளிகை உச்சியில் முரசு கொட்டும்போது, வாசல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது அக்காதான்.