ஆலோசனை நிறுவனங்களும் ஆளைத் தெரிதலும்

பிறர்க்கு முகாமைத்துவ அறிவுரை வழங்கும் ஆலோசனை நிறுவனங்கள் தமக்கு ஆள் தெரியுமிடத்துத் தடுமாறுதல் வியப்பன்றோ? அமெரிக்கச் சமூகவியலறிஞர் லோரன் றிவேரா, ஆலோசனை, சட்டம், முதலீட்டு வங்கி ஆகிய துறைகளின் முதன்மை நிறுவனங்களில் ஆட்சேர்ப்பில் ஈடுபட்டோர் 120 பேரை வினவி, 2012இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பொழுதுபோக்கிலும் பழக்கவழக்கங்களிலும் தம்மோடு ஒத்திருத்தலைத் தேர்வாளர் நாடினர். பலவேளை திறமையினும் அதனையே பெரிதாக மதித்தனர் என்பது அதன் முடிபு. ஆகவே, செல்வர்தம் விளையாட்டுக்களை அறியாத வறிய மாணவன் திறனிருந்தும் பின்தள்ளப்படுகின்றான்.

இக்குறை களையும் வழி யாது? எல்லார்க்கும் ஒரே வினாக்களை விடுத்து, விடைகளுக்கு முன்வகுத்த அளவையாற் புள்ளியிடுதலே. வரையறையற்ற நேர்முகப் பரீட்சையினும் இம்முறை வேலைத்திறனைச் செவ்விதின் முன்னறிவிக்குமென ஷ்மிட், ஹண்டர் ஆகியோர் 1998இல் எடுத்துக்காட்டினர். அன்பு பற்றி அறிவிலாரைத் தெளிதல் பேதைமையென்பது திருக்குறளிலே ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் கருத்துமாகும். ஆலோசனை நிறுவனங்களும் ஒப்புமை நாடுதலை விடுத்துத் திறனை அளத்தல் வேண்டும்.