ரயில் விட்டுச்சென்ற சரிவு

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் கொலோன், ஆகன், டிரியர், கோப்லென்ஸ் ஆகிய நான்கு நகரங்களுக்கு இடைப்பட்ட மலைநாட்டுக்கு ஐஃபெல் என்று பெயர். பீச் மரங்களும் ஸ்ப்ரூஸ் மரங்களும் அடர்ந்த காடு, அதற்கு நடுவே வட்ட வட்டமான எரிமலை ஏரிகள், மேய்ச்சல் நிலம், சின்னச் சின்ன ஊர்கள். சைக்கிள் பயணிகளை அழைக்கும் விளம்பரங்களில் எல்லாம் அந்த ஏரிகளின் படம்தான் முன்னால் நிற்கும். ஏரிகள் அழகானவைதான். ஆனால் அழகான மலைநாட்டுக்கு ஐரோப்பாவில் பஞ்சமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கேரியரில் பை கட்டிக்கொண்டு, பந்தயக்காரர் அல்லாத சாதாரண மனிதர்கள் இங்கே சைக்கிளில் வர முடிவதற்குக் காரணம், நூறு வருடத்துக்கு முன் ரயிலுக்காக வெட்டிப்போட்ட தடம் என்பது என் கட்சி.

எரிமலை என்றதும் நம் மனதில் வருவது ஃபூஜி போன்ற ஒற்றைப் பெருங்கூம்பு. ஐஃபெலில் அப்படி எதுவும் கிடையாது. மிக உயர்ந்த ஹோஹே ஆக்ட் சிகரமே 747 மீட்டர்தான். இங்கே இருப்பவை சிறிய எரிமலைகள். பெரும்பாலும் ஒருமுறை சீறி அடங்கியவை. எண்ணிக்கையில் முந்நூறைத் தாண்டும். சில இடங்களில் பாறைக்குழம்பு வெளியே வந்து கூம்பாகக் குவிந்தது. வேறு இடங்களில் மேலேறி வந்த குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டது. நீர் கண நேரத்தில் ஆவியாகி, மேலே இருந்த பாறையைச் சிதறடித்தது. மலை எழ வேண்டிய இடத்தில் குழி விழுந்தது. ‘மார்’ என்று அங்கே அழைக்கப்படும் இந்தக் குழிகள் எழுபதுக்கு மேல் உண்டு. இன்று தண்ணீர் நிற்பது பத்துப் பன்னிரண்டில்தான். குழியின் விளிம்பு வெட்டுப்பட்ட இடத்தில் பார்த்தால் நடந்தது விளங்கும். விரல் தடிமனில் சாம்பல் அடுக்குகள், அவற்றுக்குள் கூரிய முனை மழுங்காமல் பதிந்திருக்கும் சிலேட்டுத் துண்டுகள். அந்தச் சிலேட்டு எரிமலையின் வயிற்றிலிருந்து வந்ததல்ல. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகியிருந்த பாறை, வெடிப்பில் நொறுங்கி வானத்துக்குப் போய்த் திரும்ப விழுந்தது. இவற்றில் மிக இளையதான உல்மன் மார் உண்டாகிப் பதினோராயிரம் ஆண்டுதான் ஆகிறது. மண்ணியல் கணக்கில் நேற்று.

இப்படிப்பட்ட நிலம் சைக்கிளுக்குப் பெரும் சோதனை. ஒரே பெரிய மலையென்றால் ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, மறுபக்கம் இறங்கிவிடலாம். இங்கே கூம்பைச் சுற்றி ஏற வேண்டும், குழியின் விளிம்பைத் தாண்ட வேண்டும், சிற்றாறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அடுத்த ஊருக்குப் போவதற்குள் இதுவே மூன்று நான்கு முறை. ஆளும் வண்டியும் பையுமாக நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத ஒருவர் களைக்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி சுமார் 100 வாட். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் ஏறும் பாதையில் அந்தச் சக்தி அவரை மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகும். நூறுக்குப் பத்து ஏறும் பாதையில் வேகம் மூன்றரைக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் வண்டி நேராக நிற்காது, தள்ளாடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். ஆள் அதே ஆள்தான். பாதை மூன்று சதவீதமா பத்து சதவீதமா என்பதுதான் அவர் பயணியா, தவிப்பவரா என்று தீர்மானிக்கிறது. ஐஃபெலின் சாலைகள் எவ்வளவு செங்குத்தாகப் போகக்கூடியவை என்பதற்கு நூர்பர்க்ரிங் சாட்சி. 1920களில் இந்த மலையில் கட்டிய அந்தப் பழைய பந்தயச் சுற்று சுமார் 21 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 300 மீட்டர் உயர வேறுபாடு. சில இடங்களில் ஏற்றம் 17 சதவீதம்.

ரயிலுக்கு இந்தச் சவடால் முடியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம்; பிடிப்பு குறைவு. ஏற்றம் கூடினால் சக்கரம் அந்த இடத்திலேயே வழுக்கும். அதனால் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைக்கு மேல் ஏறாமல் வழி தேடினார்கள் ரயில் பொறியாளர்கள். மேடு வந்தால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் வளைவுப் பாலம் கட்டினார்கள், மிச்சமிருந்த இடத்தில் மலையைச் சுற்றி நீளமாக வளைந்தார்கள். இத்தனை செலவு செய்ய ஐஃபெல் ஒன்றும் செழித்த பூமியல்ல. மோசமான மண், நீண்ட குளிர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து பலர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ‘பிரஷ்யாவின் சைபீரியா’ என்றே கேலிப்பெயர். ஆனால் பிரான்ஸ் எல்லை பக்கத்தில் இருந்தது; படையை விரைவாக நகர்த்த ராணுவத்துக்கு ரயில் வேண்டும். இப்பகுதியின் பாதைகள் பலவற்றுக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருந்தது. பிறகு காரும் லாரியும் வந்தன. ஒவ்வொரு பாதையாக மூடப்பட்டது.

டௌன் ஊரிலிருந்து மோசல் ஆற்றங்கரையின் பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை போகும் மாரெ-மோசல் பாதை அப்படி மூடிய தடத்தின் மேல் போட்டது. 2000ஆம் ஆண்டில் திறந்த இதன் நீளம் சுமார் 58 கிலோமீட்டர். நூர்பர்க்ரிங் ஒரே சுற்றில் காட்டும் அதே 300 மீட்டரை இந்தப் பாதை அவ்வளவு தூரத்துக்கும் பரப்பிவிடுகிறது. டௌனைத் தாண்டியதும் பழைய ரயில் பாலம், அதற்கப்பால் 560 மீட்டர் நீளச் சுரங்கம், வெளியே வந்தால் ஷால்கன்மேரன் ஊரும் அதன் ஏரியும். எரிமலை விளிம்பைத் தாண்டுகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. அப்புறம் காடு விலகி, விட்லிஷ் நகரம் வந்து, கடைசியில் திராட்சைத் தோட்டச் சரிவுகள். பருவகாலத்தில் சைக்கிள்களை ஏற்றும் டிரெய்லரோடு ஒரு பஸ் ஓடுகிறது. அதில் மேலே போய்விட்டு இறக்கத்தில் வருபவர்களே அதிகம். குறுக்குவழிதான், ஆனால் குற்றமில்லை. எரிமலை இல்லாத வடக்கு ஐஃபெலிலும் இதே கதை உண்டு. ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் சுமந்த வென்பான் ரயில் தடம் 2013இல் ஆகனிலிருந்து லக்ஸம்பர்க் வரை 125 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாகத் திறந்தது. அங்கே படம் எடுக்கக் குழி ஏரி ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள்.

“சுரங்கத்துக்குள் புகுந்து எரிமலையைத் தாண்டிவிட்டால் பார்த்தது என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 72 மீட்டர் ஆழமுள்ள புல்வர்மார், இங்குள்ள மார் ஏரிகளில் மிக ஆழமானது, மாரெ-மோசல் பாதையிலிருந்து தெரிவதில்லை. கில்லன்ஃபெல்டில் விலகித்தான் போக வேண்டும். கொள்ளைநோயில் அழிந்த ஊரின் மாதா கோயில் மட்டும் கரையில் நிற்கும் வைன்ஃபெல்டர் மார் ஏரிக்கும் அப்படித்தான். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் பெரும் வெடிப்பில் உண்டான லாகர் ஏரி இந்தத் தடத்துக்கு வெகு தூரம். அதன் கிழக்குக் கரையில் கரியமில வாயு இன்றும் குமிழியாக மேலே வருகிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் விலகி ஏறுவது வேறு, நாள் முழுவதும் ஏறிக்கொண்டே இருப்பது வேறு. காலில் தெம்பு மிச்சமிருக்கிறவர்தான் விலகிப் போய்ப் பார்ப்பார்.

மோட்டார் பொருத்திய சைக்கிள் வந்த பிறகு சரிவு ஒரு பொருட்டா என்பது அடுத்த வாதம். 2023இல் ஜெர்மனியில் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள்தான். ஆனாலும் நாளொன்றுக்கு 1,500 மீட்டர் ஏறினால் வழக்கமான பேட்டரியில் பாதிக்கு மேல் ஏற்றத்துக்கே கரைந்துவிடும். பத்து வயதுப் பிள்ளையின் வண்டியில் மோட்டார் இருக்காது. போதாததற்கு, பழைய ரயில் தடத்தில் காரும் லாரியும் கிடையாது. இதை எந்த மோட்டாரும் தர முடியாது.

எனக்கு எளிதில் பதில் சொல்ல முடியாத வாதம் ஒன்று உண்டு: அந்தத் தடத்தில் மறுபடி ரயில் ஓட வேண்டாமா? கார் இல்லாத முதியவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் விடுமுறைச் சைக்கிளால் ஒரு பயனும் இல்லை. மூடிய பாதைகளை உயிர்ப்பிக்கும் பேச்சு ஜெர்மனி முழுவதும் இருக்கிறது; இந்தப் பகுதியிலேயே கெரோல்ஸ்டைனிலிருந்து கிழக்கே போகும் ஐஃபெல் குறுக்குப் பாதையைப் பற்றி நெடுங்காலமாகப் பேசுகிறார்கள். ரயில் திரும்ப வரும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கும் இடத்தில் ரயிலுக்குத்தான் முதல் உரிமை என்பேன். ஆனால் சும்மா விட்ட தடம் அப்படியே காத்திருக்காது. முதலில் புதர் மண்டும், பிறகு பாலம் சிதையும், கடைசியில் நிலம் துண்டு துண்டாகக் கைமாறும். சைக்கிள் பாதை போட்டால் பாலத்தையும் சுரங்கத்தையும் யாராவது பராமரிப்பார்கள். தடம் அறுபடாமல் இருக்கும்.

ரயிலின் பலவீனமும் சேர்ந்தே கைமாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சரிவு குறைந்த வழி தேடிய பொறியாளர்கள் பல இடங்களில் ஆற்றை ஒட்டியே போனார்கள். 2021 ஜூலை வெள்ளத்தில் ஆர் நதிப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே ரயில் பாதையும் அதன் பக்கத்தில் போன சைக்கிள் பாதையும் சேர்ந்தே அடித்துச் செல்லப்பட்டன. கில் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ரயில் பாதைக்கும் பலத்த சேதம். மாரெ-மோசல் பாதையின் மேல்பாதி ஆற்றை விட்டு விலகி மேட்டுநிலத்தில் போகிறது. இனிமேல் புதுத் தடம் தேர்ந்தெடுப்பவர்கள் சரிவோடு வெள்ளத்தின் உயரத்தையும் பார்த்தாக வேண்டும்.