அடக்கியவனை அடக்கியவள்

வாயாடிப் பெண் கேத்தரீனா. அவளை மணந்துகொள்ளும் பெட்ருச்சியோ பட்டினி போடுகிறான், தூங்க விடுவதில்லை, தைத்து வந்த கவுனையும் தரமாட்டேன் என்கிறான். பட்டப்பகலில் சூரியனைக் காட்டி நிலா என்கிறான். அவளும் ஆமாம் போட வேண்டும்! ஷேக்ஸ்பியர் 1590களின் தொடக்கத்தில் எழுதியதாகக் கருதப்படும் 'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நகைச்சுவை நாடகத்தில்தான் இத்தனையும்.

கடைசிக் காட்சியில், கணவனுக்குப் பணிந்து நட என்று மற்ற பெண்களுக்குக் கேத்தரீனாவே புத்தி சொல்கிறாள். 40 வரிக்கு மேல் நீளும் வசனம் அது. அன்றைய லண்டன் நாடகக் குழுக்களில் நடிகைகள் கிடையாது. ஆக, மனைவியின் கடமையைப் பற்றி அத்தனை நேரம் முழங்கியது, பெண் வேடமிட்ட ஒரு பையன்.

பதிலடி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து வந்தது. 1611 வாக்கில் ஜான் ஃப்ளெட்சர் இதற்குத் தொடர்ச்சி எழுதினார். அதில் கேத்தரீனா இறந்துவிட்டாள். இரண்டாவது மனைவி மரியா, முதலிரவன்றே கணவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பாடும் குடிபானமுமாக ஊர்ப் பெண்கள் அவளுக்குத் துணை சேருகிறார்கள். வேறு வழி தெரியாத பெட்ருச்சியோ, செத்ததுபோல் சவப்பெட்டியில் படுத்துப் பார்க்கிறான். மரியா அழத்தான் செய்கிறாள். ஆனால் அவன் சாவுக்காக அல்ல, இப்படி வீணாக வாழ்ந்துவிட்டானே என்று!

1633 நவம்பரில் மன்னர் முதலாம் சார்லஸ் முன்னிலையில், இரண்டே நாள் இடைவெளியில் இரு நாடகங்களும் நடந்தன. அரண்மனை அதிகாரியின் குறிப்பேட்டின்படி, ஷேக்ஸ்பியர் நாடகம் பிடித்திருந்தது. ஃப்ளெட்சருடையது மிகவும் பிடித்திருந்தது.