சேவலின் பங்கு

நாமக்கல்லில் கூண்டுக் கோழிகள் இடும் முட்டைகளுக்குச் சேவல் தேவையில்லை, அவை கருவுறாதவை. ஆனால் அக்கோழிகள் குஞ்சாகப் பிறக்கச் சேவல் வேண்டும்.

சேவலின் விந்தணுக்கள் கோழியின் கருக்குழாயில் ஓரிரு வாரம்கூட உயிருடன் தங்கும். அவை வாலை அசைத்து நீந்தி, முட்டையின் சவ்வோடு ஒன்றிக் கலக்க வேண்டும். அதற்கு விந்தணுவின் சவ்வு நெகிழ்வாக இருக்க வேண்டும்.

மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. ஏன்? எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அவற்றால் மூலக்கூறு வளைந்து, நெருக்கமாக அடுக்கப்பட இடமில்லாமல் போகிறது. விந்தணுச் சவ்விலும் இத்தகைய அமிலங்களே மிகுதி.

உணவில் வரும் கொழுப்பு அமிலத்தை ஒருவகை நொதி நீளமாக்குகிறது. மற்றொரு வகை இரட்டைப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. இந்த இரண்டாம் வகை நொதி ஒன்று இல்லாத ஆண் சுண்டெலிகளுக்கு விந்தணு சரிவர உருவாகவில்லை. உணவில் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலத்தைச் சேர்த்ததும் அவை இனப்பெருக்கத் திறன் பெற்றன என்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரட்டைப் பிணைப்பு மிகுந்த கொழுப்பு ஆக்சிஜனால் எளிதில் கெடும். எனவே இனப்பெருக்கச் சேவல்களின் தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்க்கப்படுகிறது.

மனிதரிலும் குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடம் இருக்கலாம். பெண்ணை மட்டும் பழிப்பது அறியாமையே அல்லவா?