ஊறுகாய் பாட்டிலும் மாவ்ஷியின் கையும்

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு நாள் காலை. செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குக் குப்பை எடுக்க வரும் மாவ்ஷி, உள்ளங்கையைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். தலைப்பு நனைந்து சிவந்திருந்தது. முந்தின இரவு கைதவறி உடைந்த ஊறுகாய் பாட்டிலை, மிஞ்சிய சாம்பாரோடு ஒரே கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போட்டவள் நான்தான்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. "வஹினி, கண்ணாடி இருந்தால் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். கறுப்புப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று மராத்தியில் கேட்டார். நான்கு தையல். பத்து நாள் வேலைக்கு வரவில்லை. வராத நாளுக்கு அவருக்குக் கூலி கிடையாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், வாசலில் வைத்த கச்சரா டப்பா அதன்பின் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மும்பையில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை 6,000 டன்னுக்கு மேல். இதில் பெரும்பகுதி நம் சமையலறைக் கழிவுதான். எங்களுக்கு அடுத்தாற்போல் உள்ள தேவ்னார் குப்பைமேடு 1927 முதல் இருக்கிறது. பரப்பு 300 ஏக்கருக்கு மேல், பல மாடி உயரம். சோறும் காய்கறித் தோலும் காற்றுப் பட மக்கினால் எருவாகும். பிளாஸ்டிக்குக்கு அடியில் மூச்சுமுட்டி அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். அது எரியும். 2016 ஜனவரியில் தேவ்னார் பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகை அடங்கவில்லை, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். மேட்டின் அடிவாரத்தில் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களுக்குச் சாத்த என்ன இருக்கிறது?

இன்னொன்று எலி. 1896இல் இந்நகரில் பிளேக் வந்தபின்தான், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நம்மவர்கள் குடியேறிய மாட்டுங்காவின் அகலத் தெருக்களும் ஐந்து தோட்டங்களும் அந்த டிரஸ்ட் போட்டவைதான். பிளேக் போனாலும் எலி போகவில்லை. அதன் சிறுநீர் மழைத்தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலைக் கொண்டுவரும். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு இக்காய்ச்சலில் பலர் இறந்தனர். எச்சில் சோற்றைத் திறந்து போடுவது எலிக்கு வைக்கும் விருந்து.

எங்கள் சொசைட்டி கூட்டத்தில் ஒரு மாமா, "வரி கட்டுகிறோம், பிரிக்கிற வேலையை அவர்கள் பார்க்கட்டுமே" என்றார். நியாயம்போலத் தோன்றும். ஆனால் ரசம் ஊறிய செய்தித்தாளை யாராலும் பிரிக்க முடியாது. பங்கார்வாலாவும் (நம் ஊர்க் காயலான் கடைக்காரர்தான்) வாங்க மாட்டார். காலையில் உலர்ந்திருந்தால் காசு, மாலையில் நனைந்தால் குப்பை. பிரிக்க முடிந்த ஒரே இடம் நம் அடுக்களை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. புளிச் சக்கை, காபிச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, வாழை இலை எல்லாம் ஈரக் குப்பை. கழுவிய பால் கவர், காகிதம், டப்பா உலர் குப்பை. பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து தனி. குழந்தை டயப்பர், நாப்கின் இவற்றைச் சுற்றித்தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே சொல்லப்பட்டது. நாங்கள் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு மையில் புள்ளி வைக்கிறோம். அதைப் பார்த்தால் மாவ்ஷி பிரிப்பதில்லை.

ஈரக் குப்பைக்குக் கீழே இரண்டு டிரம் வைத்தோம். முதல் மாதம் மானம் போயிற்று! புழு, நாற்றம். செக்ரட்டரி டிரம்மைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டார். தவறு எங்களுடையது. வெறும் ஈரத்தையே கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகத்தான் செய்யும். டிரம்மில் ஓட்டை போட்டு, ஒரு பங்கு கழிவுக்கு ஒரு பங்கு காய்ந்த சருகு தூவி, வாரம் இருமுறை கிளறியபின் நாற்றம் நின்றது. இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு எரு கிடைத்தது. தேங்காய் நார் மட்டும் எளிதில் மக்காது, பிய்த்துப் போடுங்கள். இட்லி மாவு மிஞ்சினால் போடாதீர்கள், பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும். (மாவு மிஞ்சும் வீடு எது என்று கேட்காதீர்கள்.)

கண்ணாடியை இப்போது பையில் போடுவதில்லை. ஊறுகாய் பாட்டில் காலியானால் கழுவி மாவ்ஷியின் கையிலேயே கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, "முழுசாகத்தானே இருக்கிறது, வஹினி?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.